சாங்கியில் பத்து மணி நேரம்: டிரான்சிட் பயணிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் செல்லும் பலர் சிங்கப்பூர் வழியாகவே போகிறார்கள். சீட்டின் விலை சற்றுக் குறைகிறது என்பதற்காக எட்டு, பத்து மணி நேர இடைவெளி உள்ள பயணத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சாங்கி விமான நிலையத்தில் பொழுது தானாகப் போய்விடும் என்று நம்பிக் கிளம்புகிறார்கள். அந்த நிலையத்தின் சிறப்பில் ஐயமில்லை. ஆனால் அங்குள்ள வசதிகளில் சில இமிகிரேஷன் சோதனைக்கு உள்ளேயும் சில வெளியேயும் இருக்கின்றன. தாம் எந்தப் பக்கம் இருக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் வந்து இறங்குவதே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம்.

2019-இல் திறக்கப்பட்ட ஜூவல் வளாகத்தையே எடுத்துக்கொள்ளலாம். 40 மீட்டர் உயரத்திலிருந்து நீர் கொட்டும் அதன் உள்ளரங்க அருவியைப் படங்களில் பார்த்தவர்கள், விமானத்தைவிட்டு இறங்கியதும் நேராக அங்கே நடந்து போய்விடலாம் என்று எண்ணுகிறார்கள். முதல் முனையத்தை ஒட்டி அமைந்திருந்தாலும், ஜூவல் இமிகிரேஷனுக்கு வெளியே, சட்டப்படி சிங்கப்பூர் மண்ணில் இருக்கிறது. அங்கே போவதும் நாட்டுக்குள் நுழைவதும் ஒன்றே. வெளியே போக வழியில்லாதவர்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு. இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைடிரெயின் என்ற நிலைய ரயில் அந்த வளாகத்தின் ஊடாகவே செல்வதால், இமிகிரேஷனுக்கு உட்புறமான டிரான்சிட் பகுதியைவிட்டு வெளியேறாமலேயே கண்ணாடி வழியாக அருவியைப் பார்த்துவிடலாம். கட்டணம் கிடையாது. நள்ளிரவில் அருவி ஓடுவதில்லை என்பதால் பகலில் போவது நல்லது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்து, மூன்றாம் நாடு ஒன்றுக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ இருப்பவர்களுக்கு, 96 மணி நேரம் வரை விசா இன்றித் தங்கும் சலுகை உண்டு. இதை எவரும் கேட்டுப் பெறும் உரிமையாக நினைத்துக்கொள்வது தவறு. நிபந்தனைகள் இருக்கின்றன, இறுதி முடிவு இமிகிரேஷன் அதிகாரியுடையது. பிள்ளைகளைப் பார்க்க ஆஸ்திரேலியா சென்று சில மாதங்கள் கழித்துத் திரும்பும் பெற்றோர், போகும்போது பொருந்திய நிபந்தனை திரும்பும் நாளிலும் பொருந்துகிறதா என்று மறுபடியும் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். நுழைவதற்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்துக்கு அரசு கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் அரசின் தளமன்று.

பணத்தையும் பயணத்தையும் ஒருசேரக் கெடுக்கக்கூடிய தவறு வேறொன்று. மலிவாகக் கிடைக்கிறது என்று சென்னை–சிங்கப்பூர் ஒரு நிறுவனத்திலும், சிங்கப்பூர்–மெல்போர்ன் இன்னொரு நிறுவனத்திலும் தனித்தனியாகச் சீட்டு எடுப்பவர்கள், பெட்டி யார் பொறுப்பு என்பதை யோசிப்பதில்லை. ஒரே பயணச்சீட்டில் போனால் சென்னையில் கொடுத்த பெட்டி பொதுவாக இறுதி ஊரில்தான் கைக்கு வரும். தனித்தனிச் சீட்டுகளில் அந்த உறுதி இல்லை. பெட்டியைச் சிங்கப்பூரில் எடுத்து மறுபடியும் செக்-இன் செய்ய வேண்டியிருந்தால் இமிகிரேஷனைக் கடந்தாக வேண்டும். கடக்க விசாவோ சலுகைத் தகுதியோ இல்லையென்றால் சென்னைக் கவுன்டரிலேயே விமானம் ஏற மறுக்கப்படலாம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அந்த இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. இவ்வளவு அபாயத்துக்கு ஈடாக மிஞ்சுவது சில ஆயிரம் ரூபாய்தான் என்றால், அதை மிச்சம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

தங்குமிடத்திலும் இதே இமிகிரேஷன் கோடுதான் குறுக்கே வருகிறது. யோட்டல்ஏர் ஓட்டல் ஜூவலில் இருக்கிறது. கிரௌன் பிளாசாவும் இமிகிரேஷனுக்கு வெளியேதான். பெயரில் சாங்கி விமான நிலையம் என்றிருப்பதைப் பார்த்து முன்பதிவு செய்துவிட்டால், விசா இல்லாதவர் அறையை எட்டவே முடியாது. டிரான்சிட் பகுதிக்குள் இருக்கும் ஏரோடெல், அம்பாசடர் டிரான்சிட் ஓட்டல் போன்றவையே அவர்களுக்கு ஏற்றவை. சில மணி நேரத்துக்கு மட்டும் அங்கே அறை எடுக்கலாம். செலவு செய்ய விரும்பாதவர்களுக்குச் சாய்ந்து படுக்கும் இருக்கைகள் கொண்ட இலவச ஓய்வுப் பகுதிகள் உண்டு. குளிர் அதிகம் என்பதால் போர்வை ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. செக்-இன் பெட்டியில் வைத்தால் பயனில்லை.

நகருக்குள் போய்வரத் தகுதி உள்ளவர்கள் நேரக் கணக்கில் தவறுகிறார்கள். இறங்கி வெளியேற ஒரு மணி நேரமும், அடுத்த விமானத்துக்கு முன் இரண்டு மணி நேரமும் கழித்துவிட்டுத்தான் மீதியை எண்ண வேண்டும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியில் நகருக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லிட்டில் இந்தியா செல்ல டாக்சி தேவையில்லை. சாங்கியிலிருந்து எம்ஆர்டி என்ற நகர ரயிலில் ஏறி எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் அதே ரயில் லிட்டில் இந்தியாவில் கொண்டுபோய்ச் சேர்க்கும். இரவு முழுவதும் ரயில் ஓடாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் இடைவெளி உள்ளவர்களுக்கு இலவச நகர்ச் சுற்றுலாவும் நடத்தப்படுகிறது. அதில் சேர விரும்புகிறவர்கள் பதிவை உறுதிசெய்யும் முன் தாமாகவே இமிகிரேஷனைக் கடந்து வெளியே போய்விடக் கூடாது. வெளியே போகிறவர்கள் கைப்பையையும் கவனிக்க வேண்டும். சிகரெட்டுக்குச் சிங்கப்பூரில் வரிவிலக்கு இல்லை. மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம்.

கடைசித் தவறு விமானம் ஏறும் கேட்டின் முன் நிகழ்வது. சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு கேட்டின் வாசலிலும் நடக்கிறது. சென்னையில் சோதனை முடிந்தபின் வாங்கிய தண்ணீரை அப்படியே விமானத்துக்குள் கொண்டுபோய்ப் பழகியவர்கள், இங்கே நிரப்பி வைத்த பாட்டிலைக் கேட்டில் காலி செய்ய நேர்கிறது. சோதனைக்கு அப்பால் பல கேட்டுகளில் கழிப்பறையும் இல்லை. முதியவர்களுடன் செல்வோர் அவர்களைக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றபிறகே வரிசையில் நிற்பது நல்லது. நான்காம் முனையத்துக்கு ஸ்கைடிரெயின் கிடையாது, பேருந்தில்தான் போக வேண்டும். ஆகவே இறங்கியவுடன் தகவல் பலகையில் அடுத்த முனையம் எது என்று பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே நகர்த்திக்கொள்ள வேண்டும்.