மரத்தில் கருவண்டு ஓட்டை போடுகிறதா? அடைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

தரையில் வெளிர்மஞ்சளாக மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது, பெருக்கித் தள்ளினால் மறுநாளும் அதே இடத்தில் கிடக்கிறது, அண்ணாந்து பார்த்தால் விட்டத்தின் அடிப்பக்கம் ட்ரில் மெஷினால் போட்டது போல ஒரு ஓட்டை. கரையான் என்று பதற வேண்டாம், கரையான் இப்படி அச்சுப் பிசகாத வட்டம் போடாது. இது கருவண்டின் வேலை. வண்டு என்றே சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் இது தேனீ வகை. தச்சுத் தேனீ என்று எழுதுவார்கள், உலகம் முழுக்க ஏறக்குறைய 500 இனங்கள் உண்டு.

ஓட்டை சுமார் 12 மில்லிமீட்டர் அகலம் இருக்கும், சுண்டுவிரல் நுனி நுழையும். அதற்குக் கீழே சுவரில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை வழிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், அது வண்டின் எச்சம். அமைதியான நேரத்தில் மரத்தில் காதை வைத்துப் பாருங்கள், உள்ளே கரகரவென்று கொறிக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும். மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே விட்டால் கொஞ்ச தூரம் போய் முட்டி நின்றுவிடும், காரணம் பாதை அங்கே சட்டென்று திரும்பி மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே நீளமாகப் போகிறது. அந்தச் சுரங்கத்துக்குள் தாய் வண்டு மகரந்தமும் தேனும் பிசைந்து ஒரு உருண்டை வைக்கும், அதன் மேல் ஒரு முட்டை இடும், மரத்தூளைக் குழைத்து ஒரு தடுப்புச் சுவர் எழுப்பும், அப்புறம் அடுத்த அறை. இப்படி வரிசையாக 6, 7 அறைகள் இருக்கும். வண்டு மரத்தைத் தின்பதில்லை, வீடு கட்டத்தான் குடைகிறது. இதை நினைவில் வையுங்கள், மரத்தின் மேலே விஷம் தெளித்தால் ஏன் பெரிதாகப் பலன் இல்லை என்பதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

முகத்துக்கு நேரே வந்து அந்தரத்தில் நின்று மிரட்டுகிறதே, அது ஆண். அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, ஆனால் கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய கொட்டுவது அபூர்வம். குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

ஒரு வருடத்தில் விழும் ஒன்றிரண்டு ஓட்டையால் வீட்டுக்கு ஆபத்தில்லை. ஆனால் பிறந்த இடத்தையே அடுத்த தலைமுறையும் தேடி வரும், பழைய சுரங்கத்தையே நீட்டிக்கொண்டு போகும், வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் ஒரு மீட்டரையும் தாண்டிவிடும். ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப் போகலாம், உள்ளே இருக்கும் புழுக்களுக்காக மரங்கொத்தி வந்து கொத்திப் பிளந்துவிடுவதும் உண்டு. தடித்த உத்தரம் இதையெல்லாம் நெடுநாள் தாங்கும். மெல்லிய கைப்பிடி, ஜன்னல் சட்டம், வேலிப்பலகை தாங்காது, அதனால் முதலில் அவற்றைப் பாருங்கள்.

சரி, அடைப்பதற்கு வருவோம். பலரும் தவறு செய்வது இங்கேதான், நானும் செய்தேன். ஊஞ்சல் மாட்டியிருந்த கட்டையில் ஓட்டையைப் பார்த்த அன்றைக்கே பட்டி வைத்து மூடினேன். சில வாரம் கழித்துப் பார்த்தால் பக்கத்திலேயே புதிதாக இரண்டு ஓட்டை. உள்ளே வளர்ந்த வண்டுகள் வெளியேற வழியில்லாமல் தாங்களே குடைந்துகொண்டு வந்திருந்தன. முட்டை முழு வண்டாகி வெளிவர 2 மாதம் வரை ஆகலாம். எனவே புது மரத்தூள் விழுவது நின்றபின் குறைந்தது 2 மாதம் பொறுங்கள். அப்புறம் மெல்லிய காகிதத் துண்டை ஓட்டை வாயில் லேசாகச் செருகி வையுங்கள். ஒரு வாரம் வெயில் அடித்தும் அது கிழியாமல், நகராமல் இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர் நாடுகளில் வண்டுகள் பனிக்காலம் முழுக்க உள்ளேயே தூங்கும், அந்த நேரத்தில் காகிதத்தை நம்பாதீர்கள்.

அடைக்கும்போது வெறும் பட்டி போதாது, அதை எளிதாகத் தோண்டி எடுத்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைக் கொஞ்சம் உருட்டி உள்ளே திணியுங்கள், ஓட்டைக்குச் சரியாக இறுகும் உருண்டை மரக்குச்சியை மரப்பசை தடவி அடித்து இறக்குங்கள், நீட்டிக்கொண்டிருப்பதை அறுத்துவிட்டு விளிம்பில் மட்டும் பட்டி பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.

அதோடு நிறுத்தினால் பாதி வேலைதான். பெயிண்ட் அடியுங்கள். கருவண்டுக்குப் பிடித்தது வண்ணம் பூசாத, வெயில் மழையில் வெளுத்த மென்மரம். பிரைமர் ஒரு கோட், மேலே எனாமல் இரண்டு கோட் என்று அடித்த மரத்தை அது பெரும்பாலும் சீண்டுவதில்லை. மெல்லிய நிறப்பூச்சும் எண்ணெயும் அந்த அளவுக்குத் தடுக்காது. மரத்தின் நிறம் தெரிய வேண்டுமென்றால் பாலியூரிதேன் வார்னிஷ் கெட்டியாக அடிக்கலாம். கண்ணுக்குத் தெரியும் பக்கத்தை மட்டும் அடித்துவிட்டு அடிப்பக்கத்தையும் அறுத்த முனைகளையும் விட்டுவிடுகிறோம், வண்டு சரியாக அங்கேதான் வந்து உட்காரும்.

மருந்தை நான் கடைசியில்தான் வைப்பேன். வீட்டின் பாரத்தைத் தாங்கும் மரத்தில் வருடா வருடம் வந்தே தீருகிறது என்றால், இதற்கென்றே விற்கும் பூச்சிமருந்துப் பொடியை இருட்டிய பின் ஓட்டைக்குள் செலுத்தி, உடனே மூடாமல் சில நாள் திறந்தே விடவேண்டும், போக வர வண்டின் உடம்பில் பொடி ஒட்ட வேண்டும் என்பதற்காக. அதன் பிறகு அடையுங்கள். ஏணி மேல் நின்று செய்கிற வேலை, பொடி முகத்தில் கொட்டும், கண்ணாடியும் முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் ஏறாதீர்கள், உறையில் எழுதியிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். பெட்டியும் பாட்டிலும் வைத்துச் செய்த பொறிகளும் கிடைக்கின்றன. சாய்வான ஓட்டை வழியாக நுழையும் வண்டு வெளிச்சத்தைத் தேடிப் பாட்டிலுக்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும். வேலை செய்யும்தான், ஆனால் வண்டைக் கொன்றுவிடும்.

எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. தக்காளி, கத்தரிப் பூக்களில் மகரந்தம் குழாய் போன்ற பைக்குள் இருக்கும், பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் நன்றாகக் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அது வராது, கருவண்டு செய்யும். பேஷன் ஃப்ரூட் போன்ற பெரிய பூக்களுக்கும் இந்தப் பெரிய உடம்புதான் பொருத்தம். அதனால் வீட்டு மரத்தையெல்லாம் அடைத்துப் பூசிவிட்டு, தோட்டத்தின் தூர மூலையில் பூச்சில்லாத மென்மரக் கட்டை ஒன்றையோ காய்ந்த மூங்கில் கட்டையோ மழை படாமல் தொங்கவிடுங்கள். மூங்கிலில் தங்கும் இனமா, கட்டையைக் குடையும் இனமா என்பது ஊருக்கு ஊர் மாறும், இரண்டையும் வைத்துப் பாருங்கள். அங்கே மரத்தூள் விழ ஆரம்பித்த அன்றே டார்ச்சோடு வீட்டு விட்டங்களின் அடிப்பக்கத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள், கூடு கட்டும் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.