டீபக்கரின் வழுவை மீண்டும் வரவழைக்க: ஏபிஐ அழைப்புகளைப் பதிந்து மறுபடி ஓட்டும் முறை

நிரலை இடையில் நிறுத்தி ஆராய்ந்து பிழை தேட உதவும் கருவியான டீபக்கரைப் பற்றி வரும் வழு (பிழை) அறிக்கை பல நேரங்களில் ‘இந்த வரியில் நிறுத்தினேன், ஒரு மாறியின் மதிப்பைக் கேட்டேன், டீபக்கரே விழுந்துவிட்டது’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அதே செயல்களை டெவலப்பர் தம் கணினியில் செய்து பார்த்தால் எதுவும் நடப்பதில்லை. ஆராயப்படும் நிரல், அதன் டீபக் தகவல் (இயங்கும் நிரலை மூல நிரலின் வரிகளோடும் மாறிகளோடும் இணைக்கும் குறிப்புகள்), கணினியில் உள்ள லைப்ரரிகள், இயங்குதளம் என எல்லாமும் டீபக்கரின் நடத்தையில் பங்கு கொள்கின்றன. பயனர் ஐடிஇ (நிரல் எழுதவும் சோதிக்கவும் உதவும் ஒருங்கிணைந்த மென்பொருள்) வழியாக வேலை செய்திருந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. அவர் ஒரு பொத்தானை அழுத்தும்போது ஐடிஇ டீபக்கரின் ஏபிஐயை (பிற மென்பொருள்கள் அழைப்பதற்காக அது தரும் ஃபங்ஷன்களின் தொகுப்பை) பலமுறை அழைக்கிறது. அந்த அழைப்புகளின் வரிசை அவர் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே அறிக்கையை விரிவாக எழுதச் சொல்வதைவிட, நடந்தவற்றை டீபக்கரே பதிந்துகொள்ளுமாறு செய்வதுதான் நம்பத்தக்க வழி.

முதலில் எல்லைகளை வரையறுக்க வேண்டும். டீபக்கருக்கு மேலே அதை அழைக்கும் ஐடிஇ அல்லது ஸ்கிரிப்ட் இருக்கிறது. கீழே, ஆராயப்படும் நிரலை நேரடியாகக் கட்டுப்படுத்தும் டீபக் சர்வரும் கோப்பு முறைமையும் இருக்கின்றன. இவ்விரு எல்லைகளையும் கடந்து உள்ளே வருபவை அனைத்தையும் பதிந்துவிட்டால், நடுவில் இருக்கும் டீபக்கர் நிரலை உண்மையாகவே மறுபடி ஓட்டலாம். எல்எல்டிபி என்ற டீபக்கரில் இருந்த மறுஉருவாக்க வசதி இந்த அடிப்படையில்தான் கட்டப்பட்டிருந்தது.

மேல் எல்லைதான் அதிகக் கவனம் கேட்பது. ஏபிஐயின் ஒவ்வொரு பொது ஃபங்ஷனின் முதல் வரியிலும் ஒரு மேக்ரோவை (கம்பைல் செய்யும்போது நிரல் வரிகளாக விரியும் சுருக்கப் பெயரை) சேர்த்து, அந்த ஃபங்ஷனின் அடையாள எண்ணையும் அதற்கு வந்த மதிப்புகளையும் கோப்பில் எழுதச் செய்யுங்கள். ஏபிஐ ஃபங்ஷன் ஒன்று தன் வேலைக்காக இன்னொரு ஏபிஐ ஃபங்ஷனை அழைப்பது இயல்பு. இரண்டையும் பதிந்தால், மறுபடி ஓட்டும்போது உள்ளே இருப்பது இருமுறை நடந்துவிடும். எனவே, ஒவ்வொரு த்ரெட்டுக்கும் (நிரலுக்குள் இணையாக ஓடும் இழைக்கும்) தனியாக ஒரு கொடியை (ஏபிஐக்கு உள்ளே இருக்கிறோமா என்று காட்டும் குறியை) வைத்து, வெளியிலிருந்து வரும் அழைப்பை மட்டும் பதிய வேண்டும்.

எண்களையும் உண்மை-பொய் மதிப்புகளையும் அப்படியே எழுதிவிடலாம். சரங்களின் உள்ளடக்கத்தை எழுத வேண்டும். ஆனால் வெற்றுச் சரமும் நல் பாயின்டரும் (எந்த நினைவக இடத்தையும் சுட்டாத பாயின்டர்) வெவ்வேறு என்பதைப் பதிவு காட்ட வேண்டும், ஏனெனில் டீபக்கர் விழுவதற்கு அந்த வேறுபாடே காரணமாக இருக்கலாம். ஃபங்ஷன் நிரப்பித் தரவேண்டிய பஃபராக (தற்காலிக நினைவக இடமாக) இருந்தால் அதன் அளவை மட்டும் பதிந்தால் போதும். கால்பேக் ஃபங்ஷன்களையும் (பின்னர் அழைக்கும்படி கொடுக்கப்படுபவை), வகை தெரியாத பாயின்டர்களையும் பதிய இயலாது. அவற்றை ஏற்கும் அழைப்புகளைப் பதிவுக்கு அப்பாற்பட்டவை என்று வெளிப்படையாகக் குறித்துவிடுவது நேர்மையானது.

ஆப்ஜெக்ட்டுகளின் நினைவக முகவரிகளைப் பதிவதால் பயனில்லை, அவை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறிவிடும். ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் ஒரு வரிசை எண்ணைக் கொடுங்கள். அப்போது பதிவு இப்படி அமையும்: டீபக்கரை உருவாக்கு, விடை 1, 1-இல் இந்த நிரல் கோப்புக்கு ஒரு டார்கெட்டை (ஆராயப்படும் நிரலைக் குறிக்கும் ஆப்ஜெக்ட்டை) உருவாக்கு, விடை 2, 2-இல் மெயின் ஃபங்ஷனில் பிரேக்பாயின்ட் (நிறுத்தப் புள்ளி) வை, விடை 3, 2-ஐ இயக்கு, விடை 4. மறுபடி ஓட்டும்போது இந்த எண்களுக்கும் புதிதாகப் பிறக்கும் ஆப்ஜெக்ட்டுகளுக்கும் இடையே ஓர் அட்டவணை வைத்தால் போதும். இதில் ஒரு பொறி உண்டு. 3-ஆம் ஆப்ஜெக்ட் அழிந்தபின் அதே முகவரியில் வேறொரு ஆப்ஜெக்ட் பிறந்தால், முகவரியை மட்டும் பார்த்து எண் கொடுக்கும் நிரல் அதையும் 3 என்றே எழுதிவிடும். இதைத் தவிர்க்க, நகலெடுக்கும் கன்ஸ்ட்ரக்டர் உட்பட எல்லாக் கன்ஸ்ட்ரக்டர்களிலும் (ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் ஃபங்ஷன்களிலும்) புதிய எண் பிறக்க வேண்டும். இந்தத் தவற்றின் விளைவு அது நடந்த இடத்தில் தெரியாமல், பல அழைப்புகளுக்குப் பிறகு சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் வெளிப்படும் என்பதால், இதைத் தொடக்கத்திலேயே சோதித்துவிடுவது நல்லது.

அழைப்பை அது நடந்து முடிந்த பிறகு எழுதினால், டீபக்கரை வீழ்த்திய அந்தக் கடைசி அழைப்பே பதிவில் இராது. உள்ளீடுகளை அழைப்பு தொடங்கும் முன்பும், விடையை அது முடிந்த பின்பும் எழுதி, ஒவ்வொரு முறையும் பஃபரில் தேங்கவிடாமல் கோப்புக்கு அனுப்பிவிடுங்கள்.

கீழ் எல்லையில், டீபக்கரும் டீபக் சர்வரும் ஜிடிபி என்ற இன்னொரு டீபக்கரின் ரிமோட் புரோட்டோகாலில் பேசிக்கொண்டால் வேலை எளிது. அதன் பாக்கெட்டுகள் டாலர் குறியில் தொடங்கி, ஹேஷ் குறியும் இரண்டு பதினறும இலக்கச் செக்சம்மும் (பிழை சரிபார்க்கும் கூட்டுத்தொகையும்) கொண்டு முடியும் எழுத்துத் தொடர்கள். ஜிடிபியில் இந்த உரையாடலைக் கோப்பில் சேமிக்க ஓர் அமைப்பும், அதைத் திருப்பி ஓட்ட ஜிடிபிரீப்ளே என்ற கருவியும் உண்டு. மறுபடி ஓட்டும்போது உண்மையான நிரல் இயங்கத் தேவையில்லை. பதிவிலிருந்து விடைகளைப் படித்துத் தரும் போலிச் சர்வரே போதும். வேறு வன்பொருளில் மட்டும் எழும் வழுவைக்கூட இதனால் தம் மேசையிலேயே ஆராய முடிகிறது.

கோப்புகளைப் பொறுத்தவரை, டீபக்கர் திறந்த நிரல், லைப்ரரிகள், டீபக் தகவல், மூல நிரல், தொடக்கக் கட்டளைக் கோப்பு ஆகியவற்றை நகலெடுத்து, பழைய பாதைகளைப் புதிய இடங்களுக்குத் திருப்பும் மெய்நிகர் கோப்பு முறைமை வழியாக வழங்க வேண்டும். டீபக்கர் தேடியும் கிடைக்காத கோப்புகளையும் குறித்துவையுங்கள். அந்தக் கோப்பு உங்கள் கணினியில் இருந்துவிட்டால் டீபக்கர் வேறு வழியில் போய்விடும். நடப்புக் கோப்புறையும் சூழல் மாறிகளும் பதிவில் சேர வேண்டியவையே.

மறுபடி ஓட்டும் டீபக்கர், பதிந்த டீபக்கரின் அதே பதிப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு அழைப்பின் விடையையும் பதிவோடு ஒப்பிட்டு, முதல் வேறுபாட்டிலேயே நிறுத்துங்கள். வழு தோன்றவில்லை என்றால் ஓட்டம் எங்கே தடம் மாறியது என்பதை இந்த ஒப்பீடுதான் காட்டும். நிகழ்வுக்காகக் காத்திருக்கும் அழைப்புகளில் தொல்லை அதிகம். பல த்ரெட்டுகளில் நடந்தவற்றை ஒரே த்ரெட்டில் வரிசையாக ஓட்டினால், காத்திருக்கும் அழைப்பு, அதை விடுவிக்க வேண்டிய அடுத்த அழைப்புக்கு இடம் தராமல் நின்றுவிடும். த்ரெட் எண்ணையும் பொது வரிசை எண்ணையும் சேர்த்துப் பதிந்து, அத்தனை த்ரெட்டுகளிலேயே ஓட்டுவதுதான் இதற்குத் தீர்வு. அப்படிச் செய்தாலும், த்ரெட்டுகளின் நுண்ணிய போட்டியால் எழும் வழுக்கள் இம்முறையில் சிக்கும் என்று உறுதி சொல்ல இயலாது. லினக்ஸில் முழுச் செயல்முறையையும் பதியும் ஆர்ஆர் என்ற கருவிகூட ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டையே ஓட்டுகிறது.

வழு மீண்டும் தோன்றியதும், பதிவின் ஒரு பகுதியை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள். வழு நிலைத்தால் இன்னும் நீக்குங்கள், மறைந்தால் அப்பகுதியைத் திரும்பச் சேருங்கள். ஒரு ஆப்ஜெக்ட்டை உருவாக்கும் அழைப்பை நீக்கினால் அதைப் பயன்படுத்தும் அழைப்புகளும் சேர்ந்து போக வேண்டும். வரிசை எண்கள் இருப்பதால் இதைக் கருவியே செய்துவிடும். கீழ் எல்லையில் போலிச் சர்வர் இருந்தால் மட்டும் இங்கே நிதானம் தேவை, ஏனெனில் அழைப்பு குறையும்போது பாக்கெட்டுகளின் வரிசையும் மாறிப் பதிவோடு பொருந்தாமல் போகும்.

பதிவைப் பிறரிடம் கேட்கும்போது, அதில் அவருடைய மூல நிரலும், நினைவகத்தின் பகுதிகளும், சூழல் மாறிகளில் உள்ள கடவுச்சொற்களும் இருக்கக்கூடும் என்பதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பயனர் கேட்டால் மட்டுமே பதிவு தொடங்க வேண்டும்.

ஏபிஐயின் ஒரு ஃபங்ஷன் மாறினாலே பழைய பதிவு செல்லாமல் போகும் என்பதால், இவற்றை நெடுங்காலச் சோதனைகளாக வைத்திருக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்எல்டிபியிலும் மறுபடி ஓட்டும் பகுதி பின்னர் நீக்கப்பட்டு, ஏபிஐ அழைப்புகளை லாகில் எழுதும் பகுதி மட்டும் தொடர்கிறது. சுருக்கிய பதிவில் எஞ்சும் சில அழைப்புகளைப் படித்து, அதே வரிசையில் ஒரு சிறிய சோதனை நிரலைக் கையால் எழுதி, வழுவைத் திருத்தும் மாற்றத்தோடு சேர்த்துவிடுங்கள். அதன்பின் அந்தப் பதிவை அழித்துவிடலாம்.