மும்பையில் கூட்டுறவு மளிகை ஸ்டோரின் கமிட்டிக்கு நிற்பது எப்படி?

கூட்டுறவு ஸ்டோரை நடத்தும் கமிட்டிக்கு நிற்க நினைக்கும் மும்பைத் தமிழர் தேர்தலுக்குக் குறைந்தது ஒன்றரை ஆண்டு முன்பே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். நோட்டீஸ் பலகையில் தேர்தல் அறிவிப்பு ஒட்டிய பிறகு சில வாரங்கள்தான் கையில் இருக்கும். வாக்காளர் பட்டியலில் பெயர் தப்பாக இருந்தாலும், எப்போதோ கடனுக்கு வாங்கிய சாமானின் பாக்கி கணக்கில் தூங்கிக்கொண்டிருந்தாலும், அந்த வாரங்களில் சரிசெய்ய நேரம் போதாது. நல்ல ஆட்கள் ஓட்டுக் கேட்கும் கட்டத்துக்கே வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் உங்கள் ஸ்டோர் எந்தச் சட்டத்தின் கீழ் பதிவானது என்று பாருங்கள். ஆண்டறிக்கையின் அட்டையில் பதிவு எண் இருக்கும். மகாராஷ்டிராவுக்குள் மட்டும் இயங்கும் சங்கம் என்றால் 1960-ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். தேர்தல் பொறுப்பு புனேயில் உள்ள மாநிலக் கூட்டுறவுத் தேர்தல் ஆணையத்துடையது. பல மாநிலங்களில் இயங்கும் சங்கம் என்றால் 2002-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். அதன் விதிகள் வேறு. இங்கே சொல்வதெல்லாம் முதல் வகைக்கு. சட்டம் அடிக்கடி திருத்தப்படுவதால் நடப்புப் பிரதியையும் உங்கள் சங்கம் தனக்கென வைத்திருக்கும் துணைவிதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

பதிவேட்டில் உங்கள் பெயர்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் பழைய ஸ்டோர்களில் அடிக்கடி காணும் நிலை இது: அப்பா எழுபதுகளில் பங்கு வாங்கியிருப்பார். அவர் காலமான பிறகும் வீட்டில் எல்லோரும் அவர் நம்பரைச் சொல்லியே சாமான் வாங்குவார்கள். ஆனால் பங்கு உங்கள் பெயருக்கு மாறாதவரை நீங்கள் உறுப்பினரே இல்லை. நியமனதாரர் பெயர் பதிவாகியிருந்தால் இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். பதிவாகவில்லை என்றால் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் இழுக்கும். புதிதாகச் சேருகிறவருக்கு இன்னொரு தடை உண்டு. சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி தனிநபர் உறுப்பினருக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகும்வரை ஓட்டு கிடையாது. பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரே ஓட்டு. பதிலாள் அனுப்ப முடியாது.

அடுத்தது நம் பெயர் முறை. பட்டியல் குடும்பப்பெயர், சொந்தப் பெயர், தந்தை பெயர் என்ற வரிசையில் தயாராகும். நமக்கோ இனிஷியல். ஆதாரில் 'சுப்பிரமணியன் ராமநாதன்', பங்குச் சான்றிதழில் 'ரா. சுப்பிரமணியன்', பட்டியலில் 'ராமநாதன் எஸ்.' என்று மூன்று விதமாக இருந்தால் வேட்பு மனுப் பரிசீலனை நாளில் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று இப்போதே ஸ்டோருக்குக் கடிதம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மறு சீரமைப்பில் வீடு போய் கல்யாணுக்கோ அம்பர்நாத்துக்கோ குடிபோனவர்கள் முகவரியையும் பார்க்க வேண்டும். சில துணைவிதிகளில் சங்கத்தின் செயல் எல்லைக்கு வெளியே வசிப்பவர் உறுப்பினராக நீடிப்பதே கேள்விக்குரியது.

செயல்படும் உறுப்பினர், செயல்படாத உறுப்பினர் என்ற பாகுபாடு 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. செயல்படும் உறுப்பினர் ஐந்து ஆண்டுக்குள் ஒரு பொதுக்குழுவுக்காவது வந்திருக்க வேண்டும் என்றது அது. துணைவிதி சொல்லும் குறைந்த அளவுக்காவது சாமான் வாங்கியிருக்க வேண்டும் என்றும் சொன்னது. பிற்பாடு இந்த விதியை ஒட்டியும் திருத்தங்கள் வந்தன. அவை எப்படி மாறினாலும் உங்களுக்கு நஷ்டம் வராமலிருக்க ஒரே வழி, ஒவ்வொரு ஆண்டும் பொதுக்குழுவுக்குப் போய் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதும், உறுப்பினர் எண்ணோடு பில் போடச் சொல்லி அதை வைத்திருப்பதும். பொதுக்குழு செப்டம்பர் 30-க்குள் நடந்தாக வேண்டும்.

நிற்கவே முடியாதவர்கள்

சட்டத்தின் 73சிஏ பிரிவைச் சங்கடப்படாமல் ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடங்கள் நான்கு. ஸ்டோருக்குக் கடன் பாக்கி வைத்திருப்பவர் நிற்க முடியாது. தீபாவளிக்கு வாங்கிய எண்ணெய் டின்னின் மிச்சத் தொகையும் பாக்கிதான். கட்டிவிட்டு, பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். சங்கத்தின் எல்லைக்குள் அதே வியாபாரம் செய்பவர் நிற்க முடியாது, ஆகவே சொந்தமாக மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கதவு மூடியது. சங்கத்துக்குச் சரக்குப் போடும் ஒப்பந்தத்தில் பங்கு உள்ளவரும் அப்படியே. நான்காவது, இரண்டுக்கு மேல் குழந்தை உள்ளவரை விலக்கும், 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த இரண்டு குழந்தை விதி. அது ஊராட்சித் தேர்தலுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூட்டுறவுக் கமிட்டிகளுக்கும் அது உண்டு.

கமிட்டியில் அதிகபட்சம் 21 பேர். அதில் பெண்களுக்கு இரண்டு இடம்; பட்டியல் சாதி அல்லது பழங்குடியினருக்கு ஒன்று, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்று, நாடோடிப் பழங்குடி மற்றும் சிறப்புப் பிற்பட்ட வகுப்புகளுக்கு ஒன்று. தமிழ்நாட்டில் எடுத்த சாதிச் சான்றிதழை நம்பி ஒதுக்கீட்டு இடத்துக்கு வேட்பு மனு போட்டுவிடாதீர்கள். மகாராஷ்டிரச் சான்றிதழ் வேண்டும்; அதற்குக் குடும்பம் இங்கே வசித்ததற்கான ஆதாரம் கேட்பார்கள். பட்டியல் சாதிக்கு 1950 ஆகஸ்ட் 10, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13 என்ற தேதிகளுக்கு முந்தைய ஆதாரம். தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ், மில் அல்லது துறைமுக வேலைச் சீட்டு, பழைய வாடகை ரசீது இவைதான் கைகொடுக்கும். கிடைக்கவில்லை என்றால் பொது இடத்துக்கே நில்லுங்கள். பெண்கள் இடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே நடக்கும் கூத்து வேறு: மாமி பெயரில் மனு, கூட்டத்துக்கு வருவது மாமா. மாமியே கணக்குப் படித்து மாமியே பேசினால் அந்த இடம்தான் ஜெயிக்கச் சுலபமானது.

கணக்கைப் படிக்காமல் நிற்காதீர்கள்

32-ஆம் பிரிவின்படி சட்டப் பிரதி, துணைவிதிகள், கடைசியாகத் தணிக்கையான இருப்புநிலைக் குறிப்பு, உறுப்பினர் பதிவேடு, பொதுக்குழு மற்றும் கமிட்டிக் கூட்டங்களின் மினிட்ஸ் எல்லாவற்றையும் எந்த உறுப்பினரும் அலுவலக நேரத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கட்டணம் கட்டினால் நகல் ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் "சேட் வரட்டும், செக்ரட்டரி வரட்டும்" என்பார்கள். எழுதிக் கொடுங்கள்.

மூன்று ஆண்டு அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தணிக்கை வகுப்பு 'அ'விலிருந்து (ஏ) 'ப'வுக்கு (பி) இறங்கியிருந்தால் ஏன் என்று தணிக்கையாளரின் குறிப்பில் இருக்கும். லாபத்தில் கால் பங்கு ஒதுக்கு நிதிக்குப் போயிருக்கிறதா, ஈவுத்தொகை 15 சதவீத வரம்புக்குள் இருக்கிறதா என்பது அடுத்தது. ஆனால் ஸ்டோரின் உயிர் இருப்பது சரக்கு இருப்பில். உதாரணமாக ஆண்டு விற்பனை 60 லட்சம், மொத்த லாப விகிதம் 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். விற்ற சரக்கின் அடக்கவிலை 52.8 லட்சம். சராசரி இருப்பு 10 லட்சம் என்றால் சரக்கு ஆண்டுக்கு ஐந்து தடவைக்குச் சற்று மேல் சுழல்கிறது, அதாவது ஒவ்வொரு மூட்டையும் சுமார் 69 நாள் கிடங்கில் கிடக்கிறது. மும்பை மழைக்காலத்தில் துவரம்பருப்பு அத்தனை நாள் கிடந்தால் வண்டு வைக்கும், ரவை கட்டிபிடிக்கும். அந்தச் சேதம் 'கழிவு' என்ற ஒரு வரியில் ஒளிந்திருக்கும். இருப்பை 6 லட்சத்துக்குக் கொண்டுவந்தால் சுழற்சி கிட்டத்தட்ட 9 தடவை, 41 நாள். 4 லட்சம் ரூபாய் கையில் ரொக்கமாக நிற்கும், மொத்த வியாபாரியிடம் உடனடிப் பணம் கொடுத்து விலை குறைத்து வாங்கலாம். வாஷி மொத்தச் சந்தையில் இந்த வித்தியாசத்தை யாரும் இனாமாகத் தர மாட்டார்கள்.

வேட்பாளராக நீங்கள் பேச வேண்டியது இந்த மாதிரி விஷயத்தைத்தான். "விலையைக் குறைப்பேன்" என்பவரை நம்பாதீர்கள்; 12 சதவீத லாபத்தில் வாடகை, சம்பளம், மின்சாரம் போக மிஞ்சுவது சொற்பம். வேகாத பொன்னி மூட்டைகள் தேங்குவது ஏன், கோலம் அரிசி கேட்கும் மராட்டிய உறுப்பினர் பக்கத்து டி-மார்ட்டுக்குப் போவது ஏன் என்று சொல்லத் தெரிந்தவருக்கு ஓட்டு விழும்.

மனு

அறிவிப்பு, மனுப் படிவம் எல்லாம் மராட்டியில் வரும். 'மத்தார் யாதி' என்றால் வாக்காளர் பட்டியல், 'சூசக்' முன்மொழிபவர், 'அனுமோதக்' வழிமொழிபவர், 'தக்பாகிதார்' பாக்கிதாரர். வரைவுப் பட்டியல் ஒட்டியதும் ஆட்சேபணைக்குக் கொடுக்கும் நாட்களைத் தவறவிடாதீர்கள். செத்தவர் பெயர், இரட்டைப் பதிவு, விடுபட்ட பெயர் எல்லாவற்றுக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு.

மனு கொடுக்கப் பொதுவாக ஐந்து நாள். ஐந்தாம் நாள் மதியம் போய் நிற்காதீர்கள். இரண்டாம் நாளே கொடுத்தால் குறை இருந்தாலும் இன்னொரு மனு போட அவகாசம் இருக்கும். முன்மொழிபவரும் வழிமொழிபவரும் இறுதிப் பட்டியலில் உள்ளவர்களாக, பாக்கி இல்லாதவர்களாக இருக்க வேண்டும். அவர்களுடைய வரிசை எண்ணைப் பட்டியலைப் பார்த்தே எழுதுங்கள், நினைவிலிருந்து வேண்டாம். கையெழுத்து ஸ்டோரில் உள்ள மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். அனுமதி இருந்தால் வேறு இரண்டு பேரின் கையெழுத்தோடு ஒரு மாற்று மனுவும் கொடுங்கள். டெபாசிட் ரசீதை வாங்காமல் மேசையை விட்டு நகராதீர்கள். பரிசீலனை நாளில் நீங்களே அசல் ஆவணங்களோடு ஆஜராக வேண்டும். ஆட்சேபணைக்கு அங்கேயே பதில் சொல்லாதவர் மனு தள்ளுபடியாவது சகஜம்.

பரிசீலனைக்குப் பின் மனுவைத் திரும்பப் பெற ஏறக்குறைய இரண்டு வாரம் கொடுப்பார்கள். உண்மையான பேரம் நடப்பது அப்போதுதான். மகாராஷ்டிரத்தில் தேர்தலை 'பின்விரோத்' ஆக்குவது, அதாவது போட்டியில்லாமல் முடிப்பது, பெருமையாகக் கருதப்படும். "இந்தத் தடவை விட்டுக் குடுங்க, அடுத்து உங்களை எக்ஸ்பர்ட் டைரக்டரா எடுத்துக்கிறோம்" என்று போன் வரும். நிபுணர் இயக்குநர்கள் இரண்டு பேர்வரை சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் அந்தப் பொறுப்பை வைத்து அவர்களுக்குச் சங்கத்தின் தேர்தல்களில் ஓட்டு கிடையாது. அந்த வாக்குறுதி யாரையும் கட்டுப்படுத்தவும் செய்யாது. தனியாக நிற்பதா, சேர்ந்து நிற்கும் வேட்பாளர் அணியான பேனலில் சேர்வதா என்பதையும் இந்த நாட்களுக்குள் முடிவுசெய்ய வேண்டும். பேனல் என்றால் ஒரே சின்னத்தைப் பார்த்து முத்திரை விழும். எங்கள் கருத்தில் புதியவர் தனியாக நிற்பது வீண். ஆனால் பேனல் தலைவர் பழைய கமிட்டியின் கொள்முதலைப் பற்றிப் பேசக்கூடாது என்று நிபந்தனை போட்டால் அந்தப் பேனல் வேண்டாம்.

ஓட்டு

பட்டியலில் 1,200 பெயர் இருந்து 400 பேர் வந்தால், இரண்டு பேனல் போட்டியில் 200-க்குச் சற்று மேல் வாங்கினால் போதும். ஆகவே எல்லோரையும் பார்க்க ஓட வேண்டாம். பொதுக்குழு வருகைப் பதிவேட்டில் உள்ளவர்களே ஓட்டுப்போடவும் வருவார்கள்; முதலில் அவர்கள். பெயர்களை முகவரி வாரியாகப் பிரியுங்கள்: 90 அடி சாலை, லேபர் கேம்ப், சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர். வார நாளில் இரவு எட்டரைக்கு முன் ஆண்கள் லோக்கல் ரயிலிலிருந்து இறங்கியிருக்க மாட்டார்கள். பெண்களைச் சந்திக்க மதியம் மூன்றிலிருந்து ஐந்து. துண்டறிக்கை ஒரு பக்கம், மராட்டி முதலில், தமிழ் அடுத்து.

வாக்குப்பதிவு ஞாயிற்றுக்கிழமை என்றால் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்தும் ரயில்வேயின் மெகா பிளாக் அறிவிப்பைப் பாருங்கள். கல்யாண் பக்கமிருந்து வருகிறவர்களை பிளாக் தொடங்கும் முன் காலையிலேயே வரச் சொல்லுங்கள். பொது இடத்துக்கும் ஒதுக்கீட்டு இடங்களுக்கும் வாக்குச்சீட்டு தனித்தனி. இடங்களைவிட ஒரு முத்திரை கூடினாலும் அந்தச் சீட்டு செல்லாது. கையெழுத்தோ கைநாட்டோ வைத்தாலும் செல்லாது. மாதிரிச் சீட்டு அச்சடித்துப் பெரியவர்களுக்கு மடித்துக் காட்டுங்கள். எண்ணும் இடத்தில் உங்கள் ஏஜென்டாகக் கணக்குப் பதியத் தெரிந்தவரை உட்கார வையுங்கள். முடிவில் தகராறு என்றால் கூட்டுறவு நீதிமன்றம்தான், அதற்குக் கெடு குறுகியது.

ஜெயித்தால்

கமிட்டியின் முடிவுகளுக்கு உறுப்பினர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. முதல் மாதத்தில் மூன்று வேலை: கிடங்கில் நேரில் நின்று சரக்கு எண்ணி ஏட்டோடு ஒப்பிடுவது, தராசு முத்திரையும் உணவு உரிமமும் நடப்பில் உள்ளனவா என்று பார்ப்பது, பெரிய கொள்முதல் ஒவ்வொன்றுக்கும் மூன்று விலைப்புள்ளி கேட்கத் தீர்மானம் போடுவது. எண்ணிக்கையில் குறை வந்தால் அன்றே எழுதுங்கள்; மூன்று மாதம் கழித்து எழுதினால் அது உங்கள் காலத்துக் குறையாகிவிடும்.

ஒரு முடிவு தவறென்று பட்டால் முகம் சுளித்துவிட்டுப் பேசாமலிருக்க வேண்டாம். "நான் உடன்படவில்லை" என்பதையும் காரணத்தையும் மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் மினிட்ஸ் வாசிக்கும்போது அந்த வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே உறுதிசெய்யக் கை தூக்குங்கள்.