ஏர் பிஸ்டல்: நண்பர்களோடு முதல் நாள்
நண்பர்களோடு சேர்வராயன் மலைக்கு வேட்டைக்குப் போகலாம் என்ற பேச்சே வேண்டாம். 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சுட்டுப் பழக ஆசையா, சேலத்திலேயே பயிற்றுநர் இருக்கும் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் 0.177 அங்குல ஏர் பிஸ்டலை, அதாவது காற்றழுத்தத்தில் இயங்கும் கைத்துப்பாக்கியை எடுங்கள்.

தூரம் 10 மீட்டர், டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும். மறு கை பாக்கெட்டில் இருக்கட்டும்.

பார்வை, குழல் நுனியில் இருக்கும் முன்பக்கக் குறிமுள்ளிலேயே (முன் சைட்) நிற்கட்டும், டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் சரி. பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட்டின் இருபுறமும் வெளிச்சம் சமமாக இருக்க, கறுப்பு வட்டத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை விட்டுக் குறிவையுங்கள். டிரிகரை மெல்ல அழுத்தம் கூட்டி, நேர் பின்னால் இழுங்கள்.

வலக்கைக்காரருக்குக் குண்டு இடப்பக்கம் கீழேயே போனால், பெரும்பாலும் வெடுக்கென்று இழுப்பதுதான் காரணம். சைட்டைத் திருகாதீர்கள், பெல்லட் (சிறு ஈயக் குண்டு) போடாமல் டிரிகரை மட்டும் பழகுங்கள். கை நடுங்கினால் சுடாமல் இறக்கிவிடுங்கள். பின்விளிம்பு நசுங்கிய பெல்லட் குப்பைக்கு.