பழைய டீப்பாயில் ‘ரெயின்ஃபாரஸ்ட்’ மார்பிள்: நாமே பெயின்ட் அடிக்கலாம்

ராஜஸ்தானில் சூரூ மாவட்டத்துப் பீதாசரில் ஒரு கல் கிடைக்கிறது. கடைகளில் அதற்குப் பெயர் ‘ரெயின்ஃபாரஸ்ட் கிரீன்’. பாலைவனத்துக் கல்லுக்கு மழைக்காட்டின் பெயரா என்று சிரிப்பு வரும். ஸ்லாபை நிமிர்த்திப் பார்த்தால் சரிதான் என்று தோன்றும்: பச்சை மேல் பழுப்பு ரேகைகள், கிளையும் வேருமாகப் பின்னிக் கிடக்கும். மார்பிள் என்று விற்றாலும் இது சுண்ணாம்புக்கல் உருமாறி வந்த மார்பிள் இல்லை, செர்பென்டைன் என்ற பச்சைக் கனிமம் நிறைந்த பாறை வகை. நமக்கு வேண்டியது தோற்றம் மட்டும்தான்.

முதலில் டீப்பாய்ப் பலகையை 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் அடியுங்கள். காய்ந்ததும் 220 நம்பரில் ஒருமுறை.

அடுத்து அடிநிறம். வெள்ளை அக்ரிலிக்கில் சாப் கிரீன் கலந்து, ஒரு சிட்டிகை பர்ன்ட் அம்பர் சேருங்கள். அந்தப் பழுப்பு சேராவிட்டால் கல் வராது, கிளிப்பச்சைதான் வரும். இரண்டு கோட் அடித்து ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

மறுநாள் பலகை மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈர ஸ்பாஞ்சால் கரும்பச்சையையும் வெளிர்பச்சையையும் திட்டுத்திட்டாக ஒற்றுங்கள். ஒவ்வொரு ஒற்றுக்கும் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், இல்லையென்றால் ஒரே அச்சு வரிசையாகத் தெரியும்.

இனி ரேகைகள். மொத்த வேலையும் இங்கேதான் இருக்கிறது. வேலிக்கருவைக் குச்சி ஒன்றை ஒடித்து வந்து எதிரே வையுங்கள். எந்த இடத்தில் கவை பிரிகிறது, பிரிந்ததும் எப்படி மெலிகிறது என்று கொஞ்ச நேரம் பாருங்கள். பர்ன்ட் அம்பரில் ஒரு துளி கறுப்பு விட்டு, பால் பதத்துக்குக் கரையுங்கள். 1-ஆம் நம்பர் பிரஷை அடியில் பிடிக்காமல் வால் நுனியில் பிடித்து, விரல்களுக்குள் உருட்டிக்கொண்டே இழுங்கள். கை நடுங்கினால் நல்லது. பெரிய ரேகைகள் எல்லாம் ஒரே சாய்வில் போகட்டும். கிளைகள் ஒன்றையொன்று தொட்டு, உள்ளங்கை அகலத்தில் சில கட்டங்களும் நகக்கண் அளவில் சிலவும் அடைபட வேண்டும். ஈரம் காயும் முன் ரேகையின் ஒரு பக்கத்தை மட்டும் உலர்ந்த பிரஷால் தடவிக் கலைத்துவிடுங்கள்.

நான் முதலில் செய்ததைப் பார்த்து அம்மா, “இது எந்த ஊரு ரயில் மேப்புடா?” என்றார். எல்லா ரேகையும் ஒரே தடிமன், போதாக்குறைக்குப் பலகை விளிம்போடு நின்றுவிட்டன. விளிம்பில் இறங்கிப் பக்கவாட்டிலும் ரேகை ஓடினால்தான் கல்லை அறுத்து வைத்த மாதிரி இருக்கும்.

ஒருநாள் காய்ந்த பிறகு, வாட்டர் பேஸ் பி.யூ. கிளியர் (பாலியூரித்தேன் என்ற நிறமில்லாத மேல்பூச்சு) மூன்று கோட். நடுவில் 400 நம்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். ஆயில் வார்னிஷ் வேண்டாம், நாளாக நாளாக மஞ்சள் தட்டும். அப்புறம் ஒரு வாரத்துக்குக் காபி டம்ளரை அதன் மேல் வைக்க யாரையும் விடாதீர்கள்.