மீட்டரில் 12.6 வோல்ட், ஃப்ரிட்ஜ் மட்டும் ஓடவில்லை: கேம்பர் டிரெய்லரில் பேட்டரிக் கோளாறைத் தேடிப் பிடிப்பது எப்படி?

கேம்பர் டிரெய்லரை (மடித்து வைத்த கூடாரமுள்ள இழுவை வண்டி) காரின் பின்னால் இழுத்துக்கொண்டு மெல்போர்னிலிருந்து கிளம்பி, மில்டுரா வழியாக மங்கோ தேசியப் பூங்காவுக்குப் போயிருந்தோம். மில்டுராவிலிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர். நாங்கள் போனபோது அதில் நெடுந்தூரம் மண் சாலை, தகரக் கூரை போல வரிவரியாக நெளிந்து கிடந்தது. சாயங்காலம் கூடாரத்தை விரித்துவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே குளிர்ச்சியே இல்லை. இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, கொத்தமல்லிக் கட்டின் மேல் வழிந்திருந்தது.

மல்டிமீட்டரை ஃப்ரிட்ஜ் சாக்கெட்டில் வைத்தேன். 12.6 வோல்ட். ஃப்ரிட்ஜைச் செருகினால் கம்ப்ரஸர் சில விநாடி உறுமிவிட்டு நின்றுவிடுகிறது. வோல்டேஜ் சரியாக இருக்கிறதே, அப்படியானால் ஃப்ரிட்ஜ்தான் போய்விட்டது என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து கரண்ட் பிளக்கில் போட்டால் அது அருமையாக ஓடியது. சரி, பேட்டரிதான் என்று புதிதாக ஒரு 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். (மூடி முத்திரையிட்ட ஈய-அமில வகை) பேட்டரி வாங்கி மாட்டினேன். அதே உறுமல், அதே நிற்றல். கடைசியில் கோளாறு கிடைத்த இடம் சில டாலர் விலையுள்ள ஒரு ஃப்யூஸ் ஹோல்டர். உங்களுக்கு அந்தச் செலவு வராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். மோதிரம், வளையல் எதுவும் கையில் வேண்டாம். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பேனரும் மோதிரமும் பேட்டரியின் இரு முனைகளைச் சேர்த்துவிட்டால் விரல் வெந்துவிடும். டிரெய்லரில் 240 வோல்ட் ஒயரிங் இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆஸ்திரேலியாவில் அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மட்டும்தான் தொடலாம். கீழே வருவதெல்லாம் 12 வோல்ட் பக்கம் மட்டும்.

என்னென்ன வேண்டும்?

விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை, சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். அதைவிட முக்கியம், காரின் பழைய ஹெட்லைட் பல்பு ஒன்று. 55 வாட் ஹாலோஜன் பல்பு நாலரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், ஃப்ரிட்ஜ் இழுப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதன் இரண்டு முனையிலும் ஒயர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. பல்பு இந்த வேலைக்கு உதவவே உதவாது. ஹாலோஜன் பல்பு நன்றாகச் சுடும் என்பதால் ஒரு பீங்கான் தட்டில் வையுங்கள், கூடாரத் துணிக்கு அருகில் வேண்டாம்.

இன்னொன்று, இரண்டு முனையிலும் முதலை கிளிப் போட்ட ஐந்து மீட்டர் ஒயர். பேட்டரி முன்பக்கப் பெட்டியில் இருக்கும், ஃப்ரிட்ஜ் பக்கவாட்டில் இருக்கும். மீட்டரின் ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது.

படி 1: பேட்டரியைப் பார்ப்பது

சார்ஜர், சோலார், விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திச் சில மணி நேரம் பேட்டரியைச் சும்மா விடுங்கள். அப்புறம் அளந்தால் ஏ.ஜி.எம். பேட்டரியில் 12.7-க்கு மேல் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் காலி. லித்தியம் பேட்டரிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அது பெரும்பாலான நேரம் 13.1, 13.3 என்று ஒரே மட்டத்தில் நிற்கும், வோல்டேஜைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது.

அடுத்து, பல்பை நேராகப் பேட்டரி முனைகளில் கொடுத்துப் பத்து நிமிடம் எரிய விடுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன 100 ஆம்பியர்-மணி பேட்டரி அந்தப் பத்து நிமிடத்தில் 12-க்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. இறங்காவிட்டால் இந்தக் கோளாறுக்குப் பேட்டரி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. புதிதாக வாங்காதீர்கள்.

படி 2: ஃப்யூஸ்

ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மீட்டரில் கன்டினியூட்டி (மின்பாதை அறுபடாமல் இருக்கிறதா என்று) பார்த்துவிடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒயரோடு கோத்த ஒரு ஃப்யூஸ் இருக்கும், அதைப் பார்க்க நாம் மறந்துவிடுவதுதான் வழக்கம்.

படி 3: லோடு (கரண்ட் இழுக்கும் கருவி) ஓடும்போது அளப்பது

நான் தடுமாறிய இடம் இதுதான். டிஜிட்டல் மல்டிமீட்டர் அளக்கும்போது ஏறக்குறைய கரண்ட்டே இழுக்காது. கரண்ட் ஓடாதபோது லூஸ் கனெக்ஷனில் வோல்டேஜ் குறையாது. பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12.6 என்றுதான் காட்டும். ஃப்ரிட்ஜ் நாலு ஐந்து ஆம்பியர் கேட்கும்போதுதான் அந்த ஒற்றை இழை திணறும். வோல்டேஜ் சரியும், பேட்டரி காலியாகிவிட்டது என்று நினைத்து ஃப்ரிட்ஜ் தன்னை நிறுத்திக்கொள்ளும். நின்றவுடன் வோல்டேஜ் பழைய இடத்துக்கு ஏறிவிடும். நாம் மீட்டரை வைப்பது அந்த நேரத்தில்.

அதனால் ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் பல்பைக் கொடுங்கள். பல்பு எரிந்துகொண்டே இருக்கட்டும். அளந்தேன்: பேட்டரியில் 12.5, சாக்கெட்டில் 10.6. நடுவில் 1.9 வோல்ட் எங்கோ போய்விட்டது.

எங்கே என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறுமுனையைச் சாக்கெட்டின் நடுப் பின்னிலும் வையுங்கள். ஐந்து மீட்டர் ஒயர் இங்கேதான் கைகொடுக்கும். மீட்டர் இப்போது காட்டுவது அந்த வழியில் தொலைந்த வோல்டேஜை மட்டும். எனக்கு 1.7 வந்தது. அதேபோல் நெகட்டிவ் பக்கம் 0.2. ஆக, கோளாறு பாசிட்டிவ் வழியில். மொத்த இழப்பு 0.3, 0.4 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம்.

பிறகு பேட்டரி முனையை அப்படியே விட்டுவிட்டு, மற்ற முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். எங்கே எண் சட்டென்று விழுகிறதோ அங்கேதான் குற்றம். எனக்கு ஃப்யூஸ் ஹோல்டரின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே மட்டும் 1.5 வோல்ட். நாலரை ஆம்பியரில் அது ஏழு வாட் சூடு. தொட்டுப் பார்த்தேன், விரலை வைக்க முடியவில்லை. பிளாஸ்டிக் ஓரம் பழுப்பேறியிருந்தது. பிரித்தால் உள்ளே பித்தளையில் பச்சைக் களிம்பு. ஃப்யூஸ் கால்களைப் பிடிக்க வேண்டிய தகடு குலுங்கிக் குலுங்கி விரிந்துபோயிருந்தது.

ஒரு நுணுக்கம்: பேட்டரியில் அளக்கும்போது மீட்டர் முனையை ஈய முனையின் மேலேயே அழுத்துங்கள், அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மேல் வேண்டாம். முனைக்கும் கிளாம்புக்கும் நடுவிலேயே கோளாறு இருந்தால் கிளாம்பில் வைக்கும் மீட்டர் அதைக் காட்டாது.

படி 4: நெகட்டிவ் பக்கம்

உங்களுக்கு இழப்பு நெகட்டிவ் பக்கம் வந்தால் முதலில் எர்த் போல்ட்டை, அதாவது நெகட்டிவ் ஒயரை டிரெய்லரின் இரும்புச் சட்டத்தோடு (சேஸிஸ்) பிணைக்கும் போல்ட்டைப் பாருங்கள். பல டிரெய்லர்களில் பெயின்ட்டின் மேலேயே லக்கை (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) வைத்து முறுக்கியிருப்பார்கள். கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, பல் வாஷர் போட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். என்னைக் கேட்டால் ஃப்ரிட்ஜுக்குச் சேஸிஸையே நம்ப வேண்டாம். பேட்டரி வரை தனி நெகட்டிவ் ஒயர் இழுத்துவிடுவது நல்லது.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டையும் நான் எடுத்துவிட்டேன். ஸ்பிரிங் ஒன்றை மட்டும் நம்பி நிற்கும் பிளக், மண் சாலைக்கு ஆகாது. ஃப்ரிட்ஜுக்கு இப்போது இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் 50 ஆம்பியர் ஆண்டர்சன் பிளக்தான். லக் அடிக்க ராட்செட் கிரிம்பிங் டூல் வாங்குங்கள், பிளையரால் நசுக்காதீர்கள். மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கும் குழாய்) போட்டால் தண்ணீரும் தூசியும் உள்ளே போகாது.

படி 5: காரிலிருந்து சார்ஜ் ஏறவில்லை என்றால்

இதையும் லோடோடுதான் அளக்க வேண்டும். ஒயர் வாங்கும்போது ஏமாற வாய்ப்புண்டு. இங்கே 6 மி.மீ. ஆட்டோ ஒயர் என்று விற்பது பிளாஸ்டிக் உறையையும் சேர்த்த கனம். உள்ளே இருக்கும் செம்பு 4.6 சதுர மி.மீ. மட்டுமே. கார் பேட்டரியிலிருந்து டிரெய்லருக்கு 7 மீட்டர் என்றால் போக வர 14 மீட்டர். அதில் 25 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 1.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். 6 பி அண்ட் எஸ் (ஒயர் கனத்துக்கான இன்னொரு அளவுமுறை) என்று கேட்டு வாங்குங்கள். அதில் செம்பு 13.5 சதுர மி.மீ., இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். பெயர் இரண்டிலும் 6, பொருள் வேறு.

பிற்சேர்க்கை 1: புது கார் வாங்கியபின் டிரெய்லர் பேட்டரி ஏறவே இல்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். புதிய கார்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் எரிபொருளை மிச்சம் பிடிக்கத் தன் வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். கார் பேட்டரியையும் டிரெய்லர் பேட்டரியையும் வோல்டேஜைப் பார்த்து இணைத்துத் துண்டிக்கும் பழைய ஐசொலேட்டர், கார் நின்றுவிட்டது என்று நினைத்து இணைப்பைத் துண்டித்துவிடும். காரிலிருந்து குறைந்த வோல்டேஜ் வந்தாலும் அதை உயர்த்திப் பேட்டரிக்குக் கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் போட்டு, இக்னிஷனிலிருந்து அதற்கு ஒரு சிக்னல் ஒயர் கொடுக்க வேண்டும். அவர் சார்ஜர் வாங்கியிருந்தார், அந்தச் சிக்னல் ஒயரைத்தான் இணைக்கவில்லை.

பிற்சேர்க்கை 2: லித்தியம் பேட்டரியில் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது, செத்துவிட்டதா என்று இன்னொருவர் கேட்டார். பெரும்பாலும் இல்லை. உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட், பேட்டரி அளவுக்கு மீறி இறங்கியதும் வாசலை மூடிக்கொள்ளும். சாதாரண சார்ஜரைக் கொடுத்தால், எதிரே பேட்டரியே இல்லை என்று அது சும்மா இருக்கும். லித்தியத்தை எழுப்பும் வசதியுள்ள சார்ஜரை மாட்டுங்கள். குளிர்காலத்தில் விக்டோரியா மலைப்பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: பூஜ்யம் டிகிரிக்குக் கீழே இந்தப் பேட்டரியில் சார்ஜ் ஏற்றக்கூடாது, நல்ல பேட்டரி தானே ஏற்றத்தை மறுத்துவிடும். வெயில் வந்து பேட்டரி சற்றுச் சூடேறும்வரை சோலார் ஏறவில்லையே என்று எதையும் பிரிக்க வேண்டாம். பிரித்தே ஆக வேண்டுமென்றால் ரெகுலேட்டரிலிருந்து (சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் கருவி) முதலில் பேனலைக் கழற்றுங்கள், பிறகு பேட்டரியை. மாட்டும்போது முதலில் பேட்டரி.