யாழ்ப்பாணத்தில ஒண்டு ரெண்டு மாசம் இருந்து பாக்கப் போறவைக்கு

வெளிநாட்டில இருந்து ரெண்டு கிழமை லீவில போய், வான் பிடிச்சு நல்லூர், கீரிமலை, நயினாதீவு எண்டு ஓடித் திரிஞ்சு, மிச்ச நேரத்தில சொந்தக்காரர் வீடு வீடா ஏறி இறங்கி, ஒவ்வொரு வீட்டிலயும் சாப்பிட்டு, கடைசி நாள் வயித்துக் குத்தோட பிளேன் ஏறுறதுதான் எங்கட ஆக்கள் வழமையாச் செய்யிறது. நானும் மூண்டு தரம் அப்பிடித்தான் போனனான். போன முறை வேலையை ஒன்லைனில செய்யலாம் எண்டு வந்தபடியா ஒண்டரை மாசம் அங்க இருந்தன், அப்பதான் விளங்கினது இந்த ஊர் வானுக்குள்ள இருந்து பாக்கிற ஊர் இல்லை, சைக்கிள்ல பாக்கிற ஊர் எண்டு.

முதல் வீடு. டவுனுக்குள்ள ஹோட்டல் எடுத்து மாசக்கணக்கா இருக்கிறது வீண் செலவு. நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் ஒழுங்கையளுக்குள்ள அனெக்ஸ், மேல்மாடி எண்டு வாடகைக்கு விடுகினம், தெரிஞ்ச ஆக்கள் மூலம் கேட்டாத்தான் நல்லது கிடைக்கும். நல்லூர்க் கொடியேறி 25 நாளும், அதாவது ஆடி ஆவணியில, ஒரு அறையும் கிடையாது, கோயிலைச் சுத்தி ரோட்டும் பூட்டு. நான் அந்த நேரம் பாத்துத்தான் போய் இறங்கினன், வட்ஸ்அப்பில கதைச்சு அட்வான்ஸும் குடுத்த வீட்டை வீட்டுக்காரர் வேற குடும்பத்துக்குக் குடுத்திட்டார், "தம்பி கோவிக்காதேங்கோ, திருவிழா முடிய வாங்கோ" எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுறார். கடைசியா மாமி வீட்டு விறாந்தையிலதான் எட்டு நாள் படுக்கை. அதால நேர பாக்காமல் காசு குடாதேங்கோ.

வீடு பாக்கப் போனா ஏசி இருக்கோ வைஃபை இருக்கோ எண்டு கேக்க முதல் கிணத்துத் தண்ணியை வாயில விட்டுப் பாருங்கோ. குடாநாடு முழுக்க சுண்ணாம்புக் கல்லு, ஒரு வளவில நல்ல தண்ணி, நாலு வேலி தாண்டினா உவர். என்ர அனெக்ஸில கேத்திலுக்குள்ள மூண்டு நாளில வெள்ளையாத் தடிச்சுப் படிஞ்சிட்டுது, சவுக்காரம் நுரைக்காது, தலைமயிர் தும்புக்கட்டை மாதிரி. தண்ணி இப்பிடியெண்டா குடிக்கிறதுக்கு தண்ணிப் போத்தல் வாங்கிறது நல்லது. இதுக்கு விளக்கம் வேணுமெண்டா நிலாவரைக் கிணத்தைப் போய்ப் பாருங்கோ, மேல நல்ல தண்ணி, கீழ ஆழத்தில உப்புத் தண்ணி, எங்கட நிலத்துக்குக் கீழ நடக்கிறது அதுதான்.

கொழும்பில இருந்து வர வெள்ளவத்தையில இரவு பஸ் இருக்கு, ஆனா எனக்குப் பிடிச்சது ரெயின்தான். 1990ல நிண்டது 2014லதான் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. சீற்றை முன்கூட்டியே புக் பண்ணுங்கோ, கடைசி நேரத்தில கிடையாது.

வந்து இறங்கின கிழமையே ஒரு பழைய சைக்கிள் வாங்கிப்போடுங்கோ, ஊரில மேடு எண்டு ஒண்டும் இல்லை. விடிய ஆறு மணிக்கு வெளிக்கிட்டு பத்துக்கு முதல் வீட்டை வந்திடோணும், பிறகு வெயில் மண்டையைப் பிளக்கும், திரும்ப பின்னேரம் நாலுக்குப் பிறகுதான். நல்லூரில தொடங்குங்கோ, ஆம்பிளையள் சேட்டைக் கழட்டித்தான் உள்ள போகோணும், பூசை சொன்ன நேரத்துக்கு நடக்கும், அஞ்சு நிமிசம் பிந்தினா நீங்கள்தான் பிந்தினது. அங்கால சங்கிலித்தோப்பு வளைவு, யமுனா ஏரி, மந்திரிமனை எல்லாம் கிட்டக் கிட்ட. மந்திரிமனை பழைய கட்டிடம், இடிஞ்சு விழுற நிலை, உள்ள ஏறிப் படம் எடுக்கிற விசர் வேலை பாக்காதேங்கோ.

பின்னேரத்துக்குக் கோட்டை. போர்த்துக்கேயர் 1618ல தொடங்கினது, 1658ல ஒல்லாந்தர் பிடிச்சு அஞ்சு மூலைக் கோட்டையாக் கட்டினவை. மதில்ல ஏறி கடல்நீரேரிப் பக்கம் இருந்தா நல்ல காத்து, கல்லைக் கிட்டப் பாத்தா பவளப்பாறைத் துண்டு தெரியும். கிட்டத்தான் நூலகம். 1981ல எரிச்சது, கிட்டத்தட்ட 97,000 புத்தகம், ஏட்டுச்சுவடியளும் சேத்துப் போனது. சுத்திப் பாக்க வாற ஆக்களுக்குத் தனி நேரம் இருக்கு, வாசல்ல கேட்டுப்போட்டுப் போங்கோ. இப்ப பிள்ளையள் இருந்து படிக்கிற இடம், செல்ஃபி எடுத்துக்கொண்டு சத்தமாக் கதைச்சா எனக்கே கோவம் வரும்.

நிரந்தரமா வந்திருப்பம், ஒரு துண்டுக் காணி வாங்குவம் எண்டு யோசிக்கிறவை, வெளிநாட்டுப் பாஸ்போட் மட்டும் இருந்தா 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி காணி வாங்கேலாது, இரட்டைக் குடியுரிமை எடுத்திருக்கோணும். அப்பா அம்மான்ர காணி முதுசமா வாறது வேற கதை, அதுக்குத் தடை இல்லை. தம்பியின்ர பேரில வாங்கி விடுவம் எண்டு வெளிக்கிட்டு பேந்து தம்பியோட கதை பேச்சு இல்லாமல் இருக்கிற ஆக்கள் எனக்கே ரெண்டு பேரைத் தெரியும். முதல் நொத்தாரிஸிட்டப் போய் காணி உறுதியைக் காட்டிக் கேளுங்கோ.

கேள்வியளுக்கும் ரெடியா இருங்கோ. சந்தையில மரக்கறி விக்கிற அக்கா கூட முதல் "எப்ப வந்தனீங்கள்", உடன "எப்ப போறியள்", பேந்து "எந்த இடம், ஆற்ற பிள்ளை" எண்டு கேப்பா. விலை சொல்லுறதுக்கு முதல் உங்கட செருப்பைப் பாத்தே வெளிநாடு எண்டு கண்டுபிடிச்சிடுவா, பாட்டா செருப்புக்கு மாறினாப் பிறகுதான் எனக்குக் கத்தரிக்காய் விலை குறைஞ்சது.

ஒரு நாள் நெடுந்தீவுக்கு விடுங்கோ. விடிய பஸ் எடுத்து குறிகட்டுவான் போய் அங்க இருந்து படகு, கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். கல்லு அடுக்கின வேலியள், ஒல்லாந்தர் கோட்டை, குதிரையள், பெரிய பெருக்கு மரம். நிழல் குறைவு, தொப்பியும் தண்ணியும் கட்டாயம். இறங்கின உடன துறையில நிக்கிற ஆக்களிட்ட திரும்பிற படகு எத்தினை மணிக்கு எண்டு கேளுங்கோ, ஓட்டோக்கார அண்ணையிட்டயும் அதையே திரும்பக் கேளுங்கோ, ரெண்டு பேரும் ரெண்டு நேரம் சொன்னா முந்தின நேரத்துக்குப் போய் நில்லுங்கோ.